வெட்டி வேலை: ஒரு மறுப்பு

சென்ற மாதம் திருச்செந்தூரில் நடந்த ஒரு சிறிய இலக்கியச் சந்திப்பில், மதிய உணவுக்குப் பிறகு வழக்கம்போலப் பேச்சு நிகழ்ச்சி நிரலை விட்டு விலகிச் சென்றது. நண்பர் ஒருவர் என் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் வண்டியைப் பற்றிக் குறிப்பிட்டார். நான் நீண்டகாலமாக மதித்துவரும் ஒரு கவிஞர் (பெயர் இங்கே தேவையில்லை) நிமிர்ந்து உட்கார்ந்தார். “பந்தய வண்டியா? அதுவும் உடன்குடியிலா? கருப்பட்டி விற்கிற ஊரில் உமக்கு எதற்கு ஐயா இந்த வெட்டி வேலை? அந்த நேரத்தில் நாலு நல்ல புத்தகம் படித்திருக்கலாமே.” அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் இன்னொன்றையும் சொன்னார்: “கிரீஸ் கைக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்?” மறுபடியும் சிரிப்பு.

கடைசி வரிசையில் எங்கள் ஊர்ப் பட்டறைக்கார அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவர் என்னுடன்தான் வந்திருந்தார். இருபது வருடங்களாக இரண்டு சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டுகிறவர். பட்டறையின் தகர அலமாரியில் பிஸ்டன் ரிங் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பழைய இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கி வைத்திருப்பவர். கையைக் கழுவாமல் ஒரு பக்கத்தையும் புரட்டமாட்டார். அன்றைக்கு அவரும் சிரித்தார், அல்லது சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவர் குலசேகரன்பட்டினம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. உடன்குடி வந்து இறங்கியபின் சொன்னார்: “அவரு சொன்னதுல ஒண்ணுமில்ல தம்பி. நீங்க கூடச் சேந்து சிரிச்சிருக்க வேண்டாம்.”

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பிராயச்சித்தம். கவிஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது அவருடைய தனிக் கருத்தும் அல்ல. நம் இலக்கியச் சூழலில் பல பத்தாண்டுகளாக ஊறிப்போன ஓர் எண்ணம் அது. மனம் செய்வது உயர்ந்தது, கை செய்வது தாழ்ந்தது. வாசிப்பது தவம், வண்டி பிரிப்பது பொழுதுபோக்கு. இந்த எண்ணம் தவறானது, நமக்கே கேடு விளைவிப்பது என்பதே என் தரப்பு. அதை நிறுவ, முதலில் அந்த வெட்டி வேலை என்னவென்று சொல்லியாகவேண்டும். ஏனென்றால் அன்று சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

*

என் வண்டி ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் மிச்சம். பாடி முழுவதும் துருவேறிய நிலையில் எடைக்குப் போகவிருந்ததை வாங்கினோம். வாங்கியதும் செய்த முதல் வேலை, அனைத்தையும் கழற்றிச் சேஸிஸை மட்டும் நான்கு கட்டைகளின் மேல் கிடத்தியது. சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்பிரிங் மாட்டும் புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடங்களைச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்கவேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சேஸிஸ் நேர். எங்களுடையது இரண்டு நூல் கோணல். நூல் என்பது பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் பள்ளியில் கணக்கு சொல்லித்தருபவன். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். அது உண்மை என்று எனக்கு உறைத்தது அந்தத் தரையில்தான்.

பிறகு விரிசல்கள். ஸ்பிரிங் தாங்கி சேஸிஸுடன் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒன்று ஓடியிருந்தது. அதன்மேல் நேரடியாக வெல்டிங் வைத்தால் வெளியே மூடிக்கொள்ளும், உள்ளே வளரும். விரிசல் முடியும் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே சிறு துளை போட்டு அதை நிறுத்தி, பிறகு விரிசல் நெடுகிலும் கிரைண்டரால் பள்ளம் பறித்து, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வரவேண்டும். மேலே வைக்கும் ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டக்கூடாது, சாய்சதுரமாக வெட்டவேண்டும். சதுரமாக வெட்டினால் வெல்டிங் கோடு சேஸிஸுக்குக் குறுக்கே விழுந்து, அடுத்த முறிவு அங்கேயே ஏற்படும். எங்கள் கடற்கரைக் காற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெல்டிங் குச்சியின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் குச்சியால் போட்ட பற்று பார்வைக்கு அழகாக இருந்தாலும் உள்ளே குமிழி குமிழியாக இருக்கும். குச்சியைச் சூடேற்றி உலர்த்தாமல் அண்ணாச்சி ஒரு பொறி எழுப்பமாட்டார்.

ஓட்டுபவரைக் காக்கும் கூண்டின் கதை எனக்கு அவமானகரமானது. அவசரத்தில், அண்ணாச்சி ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், கடையில் கிடைத்த தண்ணீர்க் குழாயை வாங்கி, மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்து, நானே ஒரு கூண்டைப் பற்றவைத்துப் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். பார்க்க மிக நன்றாக இருந்தது. அண்ணாச்சி வந்தார், சுற்றி வந்து பார்த்தார், சுண்டு விரலால் குழாயின் உட்புறத்தைத் தடவினார். உள்ளே நெடுகிலும் ஓர் இணைப்புக் கோடு இருந்தது. “இது கூண்டு இல்ல தம்பி, கொடிக்கம்பம்” என்று சொல்லி அன்று மாலையே அறுத்துப் போட்டுவிட்டார். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி, கூண்டின் முதன்மை வளைவு இணைப்புக் கோடற்ற கார்பன் எஃகுக் குழாயாக இருக்கவேண்டும் என்கிறது. 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம். சூடாக்காமல் வளைக்கவேண்டும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய மண்டையோடு இருக்கிறது. மோசமான கவிதையை எழுதியவர் மறுநாளும் எழுந்து நடமாடுவார். மோசமான கூண்டைச் செய்தவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மேடுபள்ளத்தில் வேகமாக ஓடுகிற வண்டிக்கு என்ஜினைவிட முக்கியமானது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் இருப்பது. ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றிரண்டைக் குறைத்தால் வண்டி இளகும். அளவுக்கு மீறிக் குறைத்தால் அச்சு மேலே வந்து சட்டத்தை முட்டும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் தொடர்ந்த குலுக்கலில் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் எதையும் தாங்காது, அதனால்தான் சக்கரத்துக்கு இரண்டு போடுகிறார்கள். மணலில் டயர்க் காற்றைச் சாலையில் வைப்பதில் பாதிக்குக் கொண்டுவரவேண்டும். டயர் தட்டையாகி, தடம் நீண்டு, வண்டி மணலை வெட்டாமல் மிதக்கும். மிகவும் இறக்கினால் திருப்பத்தில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். இவற்றுக்கெல்லாம் சூத்திரம் ஓரளவுக்குத்தான் உதவும். மீதியை வண்டி சொல்லவேண்டும், நாம் கேட்கவேண்டும்.

கட்டுவதைவிடப் பராமரிப்பதே பெரிய வேலை. ஒருமுறை ஓட்டினால் இரண்டு நாள் கீழே படுத்துக் கிடக்கவேண்டும். யூ போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்கவேண்டும். சக்கர பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைக்கவேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் துகள் மாவு போன்றது. ஏர் ஃபில்ட்டரைத் தாண்டி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் சிலிண்டரை அரத்தால் ராவியது போல் ஆக்கிவிடும். பற்றவைத்த இடங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். புதிதாக விரிசல் விட்டிருந்தால், இரவு முழுவதும் உப்புக்காற்று பட்டு, காலையில் வெள்ளையின்மேல் பழுப்புக் கோடாகத் துரு தெரியும். துரு எங்களுக்கு விரோதி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உளவாளி.

இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளின்முன் பொறுமையாக நின்று, அது எங்கே பொய் சொல்கிறது, எங்கே உண்மை சொல்கிறது என்று கண்டுபிடிப்பது, மேற்பூச்சு அழகில் ஏமாறாமல் இருப்பது, தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே அறுத்தெறியத் துணிவது: இவற்றை நாம் இலக்கியக் கூட்டங்களில் நுண்ணுணர்வு, விமரிசனம், செம்மையாக்கம் என்ற பெயர்களில் போற்றுகிறோம். பட்டறையில் நடந்தால் மட்டும் இவை எப்படி வெட்டி வேலையாகின்றன?

*

இப்படிப்பட்ட வண்டிகள் பிறந்த கதையே கடற்கரைக் கதைதான். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்ற ஒருவர் இருந்தார். ஓவியம் பயின்றவர், அலைச்சறுக்கு விளையாடுபவர், பிழைப்புக்கு ஃபைபர் படகு கட்டியவர். படகு கட்டும் அதே ஃபைபரால், வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் உதிரிகளைக் கொண்டு, 1964இல் தன் கராஜில் மணலில் ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்தார். மேயர்ஸ் மாங்ஸ் என்று அதற்குப் பெயர். 1967இல் நண்பர் டெட் மேங்கெல்ஸுடன் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில், லா பாஸிலிருந்து டிஹுவானா வரை பாதையற்ற பாலையில் 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு அங்கே முதல் பெரும் பந்தயம் நடந்தது. அதில் மேங்கெல்ஸும் விக் வில்சனும் ஓட்டிய மாங்ஸ் 27 மணி 38 நிமிடத்தில் முதலில் வந்தது. பின்னால் பெருநிறுவனங்கள் வந்தன, பணம் வந்தது. மேயர்ஸின் வடிவத்தை ஊரெல்லாம் நகலெடுத்தார்கள். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றார். ஆனால் தொடக்கப்புள்ளி ஒரு படகுக்காரரின் கராஜ். இதைப் படிக்கும்போதெல்லாம் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் வெயிலில் உட்கார்ந்து ஃபைபர் படகின் ஓட்டையை அடைக்கும் கைகள் எனக்கு நினைவுக்கு வரும். அதே பொருள், அதே நாற்றம், அதே திறமை.

நம் மாநிலத்திலும் இந்த மரபு இல்லாமலில்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார். அவருடைய கல்வி அதுதான். அதே ஊரின் கரிவர்தன், மாருதி 800இன் என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் நடந்த பந்தயங்களில் ஓடியவற்றில் பல, ஷெட்டுகளில் கையால் மாற்றிக் கட்டப்பட்டவை. 2007 முதல் நடந்துவரும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்காக, நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் காடுமேட்டில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டிகளைத் தாங்களே பற்றவைத்து எடுத்துச் செல்கிறார்கள். படித்து முடித்துக் கணினித் திரைக்குமுன் அமரப்போகும் பிள்ளைகளில் பலருக்கு எஃகு என்பது என்னவென்று தெரிந்துகொள்ள வாய்க்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 1970 வரை அதை நடத்தினார். கைப்பணத்தைக் கரைத்தார், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அன்றைய உலகியல் விவேகிகள் அவரைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? ‘வெட்டி வேலை’ என்ற இதே இரண்டு சொற்களைத்தான் சொல்லியிருப்பார்கள். சிற்றிதழ் நடத்துபவர், அதில் எழுதுபவர், சந்தா கட்டிப் படிப்பவர் எல்லாரும் ஊர்க்கண்ணுக்கு வெட்டி வேலைக்காரர்களே. வருமானம் கிடையாது, பரிசு கிடையாது, சொந்தக்காரர்களுக்குப் புரியாது. செய்வதற்கு ஒரே காரணம், செய்யாமல் இருக்க முடியாதது. இந்த வசையை இத்தனை காலம் வாங்கிய நாம், அதையே எடுத்து இன்னொரு ஆர்வலர்மேல் வீசுகிறோம் என்றால் நம் வாசிப்பு நமக்கு எதைத்தான் கற்றுத்தந்தது?

*

“கிரீஸ் கைக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்?” இந்தக் கேள்விக்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. சேஸிஸை அளக்க நாங்கள் பிடித்தது நூல். கோணலை எண்ணியது நூல் கணக்கில். நாம் படிப்பதற்கும் அதே பெயர்தான். இது தற்செயலான ஒற்றுமை என்று நினைப்பவர்கள் நன்னூலின் பாயிரத்தைத் திறந்து பார்க்கலாம். நூல் என்பதற்குப் பவணந்தி முனிவர் தேடிப்பிடித்த உவமை தச்சனுடைய நூல்தான். மரத்தின் கோணலை அந்த நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலை இந்த நூல் தீர்க்கும் என்பது அவர் சொல்வதன் பொருள். நம் இலக்கணக்காரர் பட்டறைக்குப் போய் உவமை எடுத்துவந்திருக்கிறார். நமக்கு மட்டும் பட்டறை தீட்டாகிவிட்டது.

மொழியைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்பவர்கள் ஒரு மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்து கேட்கவேண்டும். வண்டி ‘எண்ணெய் குடிக்கிறது’, ‘மூச்சு முட்டுகிறது’, ‘தட்டுகிறது’. அச்சில் ‘ஆட்டம் இருக்கிறது’. ‘இழுவை போதவில்லை’. சித்தம் கலங்கியவரை ‘மரை கழன்றவர்’ என்று தமிழ்நாடே சொல்கிறது. அந்தச் சொல்லை நட்டும் போல்ட்டும் பூட்டிய கைகளிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாக்கியபோது நாம் கொண்டாடினோம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ம் ‘கொற்கை’யும் கட்டுமரத்தின் சொற்களையும் தோணியின் சொற்களையும் நாவலுக்குள் கொண்டுவந்தபோது வியந்தோம். தோணி கட்டும் ஓடாவியின் சொல் இலக்கியமாகலாம். அதே தூத்துக்குடியில் லாரிக்குப் பாடி கட்டுபவரின் சொல் ஆகக்கூடாதா? ஓடாவியின் தொழில் தேய்ந்த பிறகுதான் அவருடைய சொற்களின் அருமை நமக்குத் தெரிந்தது. பட்டறையும் தேய்ந்துகொண்டிருக்கிறது. புது வண்டிகளில் பழுது என்றால் கணினியைச் செருகிப் பார்த்து, பாகத்தை முழுதாக மாற்றிவிடுகிறார்கள். அண்ணாச்சியின் பட்டறையில் வேலை பழகிய கடைசிப் பையன் வளைகுடாவுக்குப் போய் நாலு வருடமாகிறது. அஞ்சலிக் கட்டுரை எழுதத் தயாராகும் நாம், ஆள் உயிரோடு இருக்கும்போது பேசப் பழகவேண்டும்.

இந்த ஏளனத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். கையால் செய்பவனைக் கீழே வைத்து, வாயால் சொல்பவனை மேலே வைத்த ஒரு சமூகத்தின் வாரிசுகள் நாம். சாதியை மேடையில் எதிர்ப்போம். கருவியின் மீதான சாதிப்பார்வையைக் கவனிக்கமாட்டோம். வருடத்தில் ஒருநாள் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், மறுநாள் அதைப் பிடித்த கைக்குத் தனிக் குவளை எடுத்துவைப்போம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ஒரு வாழ்த்துக் கவிதை எழுதாத உள்ளூர்க் கவிஞர் இல்லை. ராக்கெட்டும் பற்றவைக்கப்படும் பொருள்தான். அங்கேயும் ஒருவர் விரிசலைத் தேடிக் குனிந்துதான் இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் விஞ்ஞானம், பக்கத்து வீட்டில் நடந்தால் வெட்டி வேலை.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்று சிரித்தவர்களுக்குப் பதிலாக, யோசித்துக் கேள்வி கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்பார்கள். பெருமளவு உண்மை. கரிவர்தன் ஆலை முதலாளிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பாஹாவில் இன்று முன்வரிசையில் ஓடும் டிரக்குகள் ஒவ்வொன்றின் விலையிலும் எங்கள் தெருவையே வாங்கிவிடலாம். அதனால்தான் வீட்டில் கட்டுவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பணத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குபவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எடைக்குப் போகவிருந்த இரும்பை எடுத்து, மூன்று வருடச் சேமிப்பையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொட்டி, ஓடக்கூடியதாக்குபவரைப் பற்றித்தான் பேசுகிறேன். எங்கள் வண்டி இதுவரை கலந்துகொண்டது ஒரே ஓர் அமெச்சூர் போட்டியில். இரண்டாவது சுற்றில் பின்பக்க ஷாக் அப்சார்பர் தாங்கி முறிந்து வெளியேறினோம். வெட்கப்படவில்லை. ஏன் முறிந்தது என்று கண்டுபிடிக்க ஆறு வாரமானது. அந்த ஆறு வாரமும் நான் நன்றாக வாசித்தேன் என்றே சொல்வேன்.

இரண்டாவது கேள்வி கடினமானது: தேரி. உடன்குடியில் மணல் வண்டி என்றதும், செம்மணல் மேடுகளில் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பதாகவே எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். இந்த மண்ணுக்கு இயந்திரம் புதிதல்ல. சர்க்கரை ஆலைக்காகக் குலசேகரன்பட்டினம் வழியே ஓடிய குறும்பாதை ரயிலை 1940இல்தான் நிறுத்தினார்கள். ஆனால் தேரி வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நெடுங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மண் அது. இரும்புத்துரு பூசிய மணல். பனையும் உடையும் கொல்லாவும்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே ஒரு சக்கரம்கூட ஏறக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. விளம்பரப் படம் எடுக்கவோ சாகசக் காட்சிக்கோ யாராவது அங்கே வண்டி இறக்கினால், எதிர்ப்புக் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். நாங்கள் ஓட்டிப் பார்ப்பது நண்பர் ஒருவருடைய தரிசில், அவர் வேலி கட்டிய நாலு ஏக்கருக்குள். அதுவும் பதநீர் இறக்கும் பருவத்தில் கிடையாது. பனையேறி மரத்தில் இருக்கும்போது கீழே ஆரவாரம் கூடாது. மண்ணை மதிக்காதவருக்கு மண்ணில் ஓட்டும் உரிமை இல்லை.

மூன்றாவது, சட்டமும் ஆபத்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பது செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டறை நண்பர்கள் பலர் அதைத் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை. பொதுச்சாலையில் பள்ளிக் குழந்தைகள் நடக்கிறார்கள். என் கூண்டும் என் டயரும் அங்கே வரவேண்டியவை அல்ல. எங்கள் வண்டி வீட்டை விட்டுக் கிளம்பினால் மினி லாரியின்மேல் ஏறித்தான் போகும். சாலையில் சீறிக்கொண்டு போகும் இளைஞர்களைப் பார்த்துவிட்டு எங்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தன் கையால் பிரேக்கைக் கட்டியவருக்குத்தான் அது எந்த இடத்தில் தோற்கும் என்று தெரியும். தெரிந்தவர் நிதானமாக ஓட்டுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பை எங்கே நடத்துவது என்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடத்தலாம். வேப்பமர நிழல் இருக்கிறது, இருபது பேர் உட்காரலாம், கருப்பட்டிக் காப்பி தரமுடியும். வண்டி நடுவில் நிற்கும். யாரும் அதைப் பாராட்டவேண்டியதில்லை. கவிஞர் அவசியம் வரவேண்டும். அவருடைய முதல் தொகுப்பு அண்ணாச்சியின் தகர அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு முதலில் அண்ணாச்சி பேசட்டும். விரிசலின் முனையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அரைமணி நேரம் சொல்லட்டும். நாம் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்போம். சிரிக்கவேண்டும் என்று தோன்றினால் அதற்குப் பிறகு சிரிக்கலாம். இம்முறை நான் சேர்ந்துகொள்ளமாட்டேன்.